எட்டாம் கட்டம்

மிர்ஃபாவுக்குத் தெற்கே முப்பத்தோராவது கிலோமீட்டர்.
குழாய் வரப்போகிற கோட்டில் எட்டாம் கட்டம்,
பத்துக்குப் பத்து மீட்டர்.
நாலு மூலையில் ஆணி, சுற்றி நைலான் கயிறு.
உள்ளே ஒரே ஒரு செடி.

முழங்கால் உயரம்.
தூரத்திலிருந்து யாரோ கழற்றி எறிந்த கம்பளிச் சட்டை.
கிட்டே போனால்
பச்சையா சாம்பலா என்று
கண்ணும் கண்ணும் சண்டை போடுகிற நிறம்.

மண்ணைக் கரைத்து மீட்டரை விட்டேன்.
எட்டு புள்ளி ஒன்பது.
களர்.
மிதித்தால் மேல்தோடு அப்பளமாக நொறுங்கி
அடியில் பிசுபிசுவென்று ஈரம்.
நக்கிப் பார்க்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள்.
நக்கினேன்.
முதலில் உப்பு. கொஞ்சம் பொறுத்துச் சவுக்காரம்.

கையேடு இரண்டிரண்டாகக் கேட்கிறது.
இலை உண்டா, கணுக்கணுவாகத் தண்டு மட்டுமா?
உண்டு. ஐந்துக்குப் போ.
எதிரெதிரா, மாறி மாறியா?
எதிரெதிர். ஒன்பதுக்குப் போ.
ஒரு காம்பில் இரட்டை இலையா, ஒற்றையா?

இங்கே நின்றேன்.
ஆகஸ்ட் மாதம்.
உயிரைப் பிடித்துக்கொள்ளப் பாதியை உதிர்த்துவிட்ட ஒன்றிடம்
உனக்கு எத்தனை இலை என்று
எந்த முகத்தோடு கேட்பது?

வண்டியின் நிழலில் படுத்திருந்த ஜர்வாலி கான்
தலையைத் தூக்காமலே சொன்னான்:
"ஜாடி."
அவன் இந்தியில் அது வெறும் புதர்.
எனக்கு ஊறுகாய் போடுகிற ஜாடி.
ஒரு இலையை நசுக்கினேன்.
விரல் முழுக்க நீர்.
இந்த வெயிலில், இந்த மண்ணில், மூடி போட்டு வைத்த நீர்.
ஜாடியும் சரிதான்.

உமரி என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.
உமரி இதற்குச் சித்தி மகள்,
முகச்சாயல் உண்டு, ஆள் வேறு.

பிறகு லென்ஸ்.
இலையும் தண்டும் சேர்கிற கக்கத்தில்
பொடிப் பொடியாக வெள்ளைப் பஞ்சு.
அவ்வளவுதான் வித்தியாசம்,
இவ்வளவு நேரமும் கக்கத்தில் ஒளித்து வைத்திருந்திருக்கிறது.
பக்க ஓரத்தில் அரபுப் பெயர்: உஷ்னான்.
எரித்த சாம்பலில் துணி வெளுப்பார்களாம்.
உவர்மண் கண்டவளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படிவத்தில் மூன்று பெட்டி.
அரிது என்றால் குழாய் வளையும்.
பொது என்றால் நாளைக் காலை பொக்லைன்.
தெரியவில்லை என்றால் நீலக் கொடி;
கொடி இருக்கும்வரை ஒருவரும் கயிற்றைத் தாண்டக் கூடாது.
பெயர் தெரியாதவரை பாதுகாப்பு.
இந்த விதியை எழுதியவர்
எழுதும்போது சிரித்திருக்க மாட்டார்.

உஷ்னான் பொது.
கடற்கரை முழுக்க உண்டு,
ஒன்று போனால் கணக்கில் வராது.

ரெனாட்டோ வயர்லெஸ்ஸில் கத்தினார்:
"எப்சிபா, எட்டு என்னாச்சு?"

கையேட்டைத் திரும்ப எடுத்து
கடைசி வரிவரை, அடிக்குறிப்பு உட்பட, படித்தேன்.
உறுதி செய்யக் காய் வேண்டும்.
ஐந்து சிறகுள்ள காய்.
காய்ப்பது மழைக்கு முன், நவம்பர் வாக்கில்.
அச்சில் இருக்கிறது.
நானாகச் சேர்த்ததில்லை.

தொண்ணூறு எனக்குத் தெரியும்.
மீதிப் பத்து காயில்.

"காய் இல்லை. நவம்பரில் மறுபடி பார்க்கவும். சி. எப்சிபா."
தேதியும் போட்டேன்.
பொய் ஒரு எழுத்துகூட இல்லை,
அதனால்தான் கை நடுங்கியதோ என்னவோ.

கொடிக் கம்பு களரில் நிற்கவில்லை.
ஊன்ற ஊன்றச் சாய்ந்தது.
ஜர்வாலி கான் டயருக்கு வைக்கிற கல்லைக்
கொண்டுவந்து முட்டுக் கொடுத்தான்.
"பேர் கிடைச்சதா?"

"நவம்பர்" என்றேன்.

"நவம்பர்" என்று அவனும் சொல்லிப் பார்த்தான்,
செடியைப் பார்த்து, ஒரு தடவை,
அதுதான் பெயர் போல.